கருவியும் பயனும்

தொழில் ஒன்று நிகழ்வதற்கு வேண்டிய நிலைகள் எட்டு என்று தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொகுத்துக் கூறுகின்றார். வினை, அதனைச் செய்பவன், செய்யப்படும் பொருள், நிலம், காலம், கருவி என்பன முதல் ஆறு. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. யாருக்காக என்பதை ஏழாவதாகவும், என்ன பயன் கருதி என்பதை எட்டாவதாகவும் சேர்த்து வைக்கின்றார். வகுப்பறையில் நாம் இச்சூத்திரத்தை வேற்றுமைப் பொருளுக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றோம். ஆனால் யந்திரங்களின் சரித்திரத்தைப் படிக்கப் புகுவோர்க்கு இதனைவிடச் சிறந்த வழிகாட்டி வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. யந்திரங்களைப் பற்றி எழுதுவோரிற் பெரும்பாலோர் கருவியோடு நின்றுவிடுகின்றனர். யாருக்காக, என்ன பயனுக்காக என்ற இரு வினாக்களும் அங்கே விடுபட்டுப் போகின்றன.

இந்த எண்ணம் நம் மனத்திற் பதிந்தது ஒரு சிறு பட்டறையிலேயாகும்.

கித்துல்கலை, கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவிலே, களனி கங்கையின் கரையில் அமைந்த ஊர். கித்துல் மரமும் பாறையும் சேர்ந்து அதற்குப் பெயர் தந்தன. கீழ்ச்சரிவுகளில் இறப்பர், மேலே தேயிலை, ஆண்டின் பெரும்பகுதியும் மழை. இவ்வூரை அடுத்த தோட்டப் பகுதி மாணவர் எண்மரும் நாமும் சேர்ந்து, எண்களால் இயக்கப்படும் மரஞ்செதுக்கு யந்திரம் ஒன்றை நாமே திட்டமிட்டு நாமே செய்து பார்த்தோம். சி.என்.சி. ரூட்டர் என்று கடைகளில் வழங்குவது அதுவே. மேசை ஒன்று, மேசையின் குறுக்கே நகரும் பாலம் ஒன்று, பாலத்திலே பொருத்திய சுழலும் கத்தி ஒன்று. கணினியில் எழுதப்பட்ட எண்வரிசை கத்தியை நெடுக்கும் குறுக்கும் மேலும் கீழுமாக நடத்திச் செல்ல, பலகையில் உருவம் பிறக்கின்றது.

எம்முடைய முயற்சியின் கதை சிறிது. அதன் பின்னே கிடக்கும் சரித்திரம் பெரிது. பெரியதை முதலிற் சொல்லிச் சிறியதற்குப் பின்னர் வருவோம்.

குகையில் இருந்த கருவி

கித்துல்கலைக்கு அண்மையிலே காட்டுக்குள் பெலிலெனா என்றொரு குகை உண்டு. தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அங்கே அகழ்வாராய்ச்சி நடத்தினார். மனித எலும்புகளுடன், விரல் நுனியளவேயான கற்கருவிகளும் அங்கே கிடைத்தன. படிகக்கல்லைத் தட்டி, பிறைபோலவும் முக்கோணம்போலவும் ஒழுங்குபடச் செதுக்கிய நுண்கருவிகள் அவை. அவற்றின் காலம் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று கணிக்கப்பட்டது. இத்தகைய வடிவ ஒழுங்குடைய கருவிகள் ஐரோப்பாவில் மிகப் பிற்காலத்திலேயே பரவலாகத் தோன்றின. ஆதலின் இக்கண்டுபிடிப்பு உலக அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. கடற்கரையிலிருந்து சுமந்து வரப்பட்டதாகக் கருதப்படும் உப்பின் தடயமும் அங்கே கிடைத்தது.

இக்கருவிகளைப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும. அக்குகையில் கருவியைத் திட்டமிட்டவனும், செதுக்கியவனும், அதனால் வேட்டையாடியவனும், வேட்டையின் பயனை உண்டவனும் ஒரே கூட்டத்தினர். தொல்காப்பியர் கூறும் எட்டு நிலைகளும் அங்கே ஒரே தீயைச் சுற்றி அமர்ந்திருந்தன. பஞ்சமும் நோயும் மிக்க அவ்வாழ்வைப் பொற்காலமென்று கொண்டாட நாம் வரவில்லை. கருவியும் பயனும் பிரியாதிருந்த ஒரு காலம் இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். அவை எப்போது பிரிந்தன? மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கின்றது.

தோட்டத்திற் பிறந்த யந்திரம்

ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டார். அன்று இந்நாட்டுத் தோட்டங்களில் ஆட்சி செலுத்தியது கோப்பிப் பயிர். 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய் அவ்வாட்சியை முடித்து வைத்தது. டெயிலரிடம் அப்போது தொழிற்சாலை கிடையாது. அவருடைய பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலை. மேசைமேற் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி அழுத்தி உருட்டினர். களிமண் அடுப்பிலே கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் இலையை உலர்த்தினர்.

1872இல் லூல்கந்துரையில் முழு வசதியுள்ள தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அவ்வாண்டிலேயே டெயிலர் கொழுந்து உருட்டும் யந்திரம் ஒன்றையும் தாமே அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. கையால் உருட்டுவதை யந்திரத்தால் உருட்டுவதற்கு வழி கண்ட அந்த முதல் முயற்சி, இன்று வீட்டுப் பட்டறைகளிலே தம் கையாற் கருவி செய்வோரின் முயற்சியோடு ஒப்பிடத்தக்கது. அருகில் யந்திரக் கடை இல்லை. முன்மாதிரி இல்லை. தேவை மாத்திரம் இருந்தது.

ஆனால் இங்கே நாம் ஏழாவது வினாவை எழுப்ப வேண்டும். அந்த யந்திரம் யாருக்காக? உருட்டு மேசையில் முழங்கை தேய நின்ற உழைப்பாளியின் வேதனையைக் குறைக்கவா அது வந்தது? மேசையருகே நின்றவன் ஓய்வு பெறவில்லை. யந்திரம் வேகமாக உருட்டியதால் அதற்கு இரையாகும் கொழுந்து மேலும் மேலும் வேண்டியதாயிற்று. அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருட்டு யந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். பெல்பாஸ்ற் நகரத்து சாமுவேல் டேவிட்சன் தேயிலை உலர்த்தும் சிறொக்கோ யந்திரத்தை அமைத்து, 1881இல் அதற்கென்றே தொழிற்சாலை நிறுவினார். யந்திரங்கள் பெருகின. 1870களின் நடுவில் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த இலங்கைத் தேயிலை, அந்நூற்றாண்டு முடியுமுன் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. அவ்வளவு நிலத்திலும் கொழுந்து பறித்தவை பெண்களின் விரல்கள். தொழிற்சாலைக்குள் யந்திரம் புகுந்தது. மலைச்சரிவிலோ கூடையும் விரலுமே நீடித்தன. யந்திரத்தின் வேகம் தொழிற்சாலை வாசலைக் கடந்து வந்து, மழையிலே நிரையில் நின்ற பெண்ணின் கைவேகத்தை அளக்கும் கோலாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து மேலும் மேலும் ஆட்களைக் கொண்டுவந்தது அந்த வேகத்தின் பசியே.

கருவியைச் செய்தவரின் கதியும் எண்ணத்தக்கது. 1892இல் தோட்ட நிருவாகம் டெயிலரைப் பணியிலிருந்து நீக்கியது. நாற்பதாண்டு வாழ்ந்த தோட்டத்தை விட்டுப்போக அவர் மறுத்தார். அதே ஆண்டில் அங்கேயே இறந்தார். யந்திரத்தை ஆக்கிய கையும் அதன் உரிமையாளரின் கையும் வேறு வேறு என்பதற்கு வெள்ளைத் துரையும் விலக்கல்லர். இருந்தும் அவர் பெயராவது சரித்திரத்தில் நிற்கின்றது. அந்த விறாந்தையில் முழங்கையால் உருட்டிய தமிழ் உழைப்பாளிகளின் பெயர்களுக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை.

தகர்ப்பதற்கென்றே கட்டிய பாலம்

கித்துல்கலையை உலகம் அறிந்தது குகையாலன்று, தேயிலையாலுமன்று, ஒரு திரைப்படத்தால். பியேர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 1957இல் வெளிவந்தது. படத்திற்கென்று களனி கங்கையின் குறுக்கே கித்துல்கலையில் பெரும் மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. பல மாத வேலை. யானைகளும் மரம் இழுத்தன. நீளம் ஏறத்தாழ 425 அடி, உயரம் 90 அடி. 1957 மார்ச் மாதத்தில், அன்றைய பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா முன்னிலையில், ரயிலோடு சேர்த்து அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். முதல் நாள் முயற்சி தவறியது. படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய நேரத்தில் விலக இயலாமற் போனமையே காரணம். மறுநாள் காலை எல்லாம் முறைப்படி நடந்தேறின. படம் ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்றது.

படத்தின் கதை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. யப்பானியரிடம் கைதியான ஆங்கிலக் கேணல் ஒருவன், தன் ஆட்களின் கட்டுப்பாட்டையும் தன்மானத்தையும் காக்க வேண்டி, பகைவனுக்கே மிகச் சிறந்த பாலம் ஒன்றைக் கட்டிக் கொடுக்கின்றான். வேலையின் செம்மையில் மயங்கி, அது யாருக்குப் பயன்படும் என்பதை மறந்துவிடுகின்றான். தொல்காப்பியர் சொன்ன எட்டில் ஆறை மட்டும் கற்று, எஞ்சிய இரண்டை மறந்த மனிதன் அவன். கைத்திறனை வழிபடும் எவரும் இப்பாத்திரத்தைக் கண்டு ஒரு கணமாவது திடுக்குற வேண்டும்.

ஆயினும் படமும் ஒன்றை மறந்தது. சியாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீற்றர் நீளமுடையது. 1942-43இல் யப்பானிய இராணுவத்தால் அமைக்கப்பட்டது. அதில் வேலை செய்விக்கப்பட்ட நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசிய உழைப்பாளிகளோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களில் இறந்தோர் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுவர். அந்த ஆசியரில் பல்லாயிரவர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் பட்டினியிலும் அவர்கள் மடிந்தனர். இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த கித்துல்கலையில், அந்த மலாயாத் தமிழரின் உறவினர் என்று சொல்லத்தக்க உழைப்பாளி மக்கள் வாழும் இடத்திலேயே, படம் எடுக்கப்பட்டது. படத்தின் கதையோ வெள்ளைக் கைதிகளின் கதை. உலகம் பாலத்தைப் பார்த்தது. பாலத்தின் அடியிற் புதைந்தவர்களைப் பார்க்கவில்லை.

அதே ஆற்றின் இன்னொரு கதையும் உண்டு. டி. ஜே. விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர், களனி கங்கையின் தலையாறுகளின் நீரிலிருந்து மின்சாரம் ஆக்கலாமென்று 1918இலேயே பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். குடியேற்ற நாட்டு அதிகாரம் அதற்கு உரிய காலத்திற் செவிசாய்க்கவில்லை. 1950இல்தான் இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டின் பின்னர் அவர் காலமானார். மலைநீர் தந்த மின்சாரம் தோட்டங்களின் தலைக்கு மேலே கம்பி வழியாகக் கொழும்புக்குச் சென்றது. கம்பியின் கீழிருந்த லயங்களிற் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்தன. நிலம் இங்கே, பயன் அங்கே.

எண்களின் ஆட்சி

இனி, எண்களால் யந்திரத்தை இயக்கும் முறைக்கு வருவோம். 1804இல் பிரான்சு நாட்டு ஜக்கார்ட், துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலை நெய்யும் பொறியை அமைத்தார். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. காஞ்சிபுரத்து நெசவாளர் கையாளும் ஜக்கார்டுப் பெட்டியும் அதன் வழிவந்ததே. கைவினைஞனின் நினைவில் இருந்த கோலம் அட்டையில் ஏறி, நினைவுக்கு உடைமையாளன் வேறொருவன் ஆகும் வரலாறு அங்கே தொடங்குகின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவில் இரு வழிகள் தோன்றின. ஒன்று, திறமைமிக்க கடைசற்காரன் ஒருமுறை தன் கையால் பொருளைச் செய்யும்போது யந்திரத்தின் அசைவுகளை நாடாவிற் பதிந்து, பின்னர் அதனையே திரும்ப இயக்குவது. மற்றையது, அலுவலகத்தில் அமர்ந்த பொறியியலாளர் கணித்த எண்களை நாடாவில் ஏற்றி, யந்திரத்தை நேரே இயக்குவது. மிச்சிக்கன் மாநிலத்து ஜோன் பார்சன்ஸ் ஹெலிகொப்டரின் சுழலலகுகளைச் செய்யும் முயற்சியில் இரண்டாவது வழியை வகுத்தார். 1949இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் வழங்கியது. மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1952இல் அத்தகைய யந்திரத்தை இயக்கிக் காட்டியது.

இவ்விரு வழிகளில் இரண்டாவதே வென்றது ஏன்? டேவிட் நோபிள் என்ற சரித்திராசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தார். சிக்கலான வடிவங்களை வெட்டும் ஆற்றல் இரண்டாவது வழிக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அது மாத்திரம் காரணமன்று என்றார் அவர். முதல் வழியில் அறிவு தொழிலாளியின் கையில் தங்குகின்றது. இரண்டாவது வழியில் அது முதலாளியின் அலுவலகத்துக்கு இடம்பெயர்கின்றது. வேலைநிறுத்தங்கள் மலிந்த அக்காலத்தில், முகாமையாளர்க்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. யந்திரம் எப்படி அமைய வேண்டும் என்பதை இயற்கை விதிகள் ஓரளவு தீர்மானிக்கின்றன. எஞ்சியதைத் தீர்மானிப்பவர் அதற்குப் பணம் கொடுப்பவர்.

விமானப்படையின் பொருட்டுப் பிறந்த இம்முறை, அரை நூற்றாண்டின் பின் ஏழையின் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. நுண்செயலிகள் மலிவாயின. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்திற் பொதுப்பணத்தால் உருவான கட்டுப்பாட்டு நிரல் பொதுச்சொத்தாக வெளிவந்தது. 2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகை தோன்றியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் உறுப்புகளிற் பலவற்றைத் தானே அச்சிடக்கூடிய யந்திரம் ஒன்றின் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எவரும் எடுத்தாளலாம் என்று விட்டார். 2009இல் நோர்வே நாட்டவர் ஒருவர் அந்தச் சிறு மின்பலகையிலே செதுக்கு யந்திரத்தை இயக்கும் நிரலை எழுதி, இலவசமாக அளித்தார். மகாராட்டிரத்தில் பாபல் என்னும் கிராமத்திலே டாக்டர் கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆச்சிரமத்தில், செய்து கற்பதே கல்வி என்ற கொள்கையோடு கிராமத்துப் பிள்ளைகள் பயின்று வந்தனர். 2002இல் அங்கே எண்வழி யந்திரங்களைக் கொண்ட பட்டறையும் அமைந்தது. இம்மனிதர் எவரும் பெரும் புரட்சிக்காரர் அல்லர். ஆயினும் அலுவலகத்துக்குள் பூட்டிய அறிவின் ஒரு பகுதியை மீட்டுத் தெருவில் வைத்தவர்கள் அவர்கள்.

எம்முடைய பட்டறை

இப்போது சிறிய கதைக்கு வருவோம். 2013இல் இந்நாட்டு உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் அப்பிரிவும் அதற்குரிய கூடமும் உள்ளவை சிலவே. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இப்பின்னணியில், கூடம் வரும்வரை காத்திராமல் ஒரு யந்திரத்தை நாமே செய்துவிடுவது என்று துணிந்தோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், செய்த யந்திரத்தை விலைக்கு வாங்குவது எமக்குக் கனவாகவே இருந்தது.

முதற் சட்டகத்தை மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் அமைத்தோம். வெட்ட எளிது, விலையும் குறைவு. தென்மேற்குப் பருவமழை வந்தது. பலகை ஈரம் குடித்து வீங்கியது. இணையாக இருந்த தண்டுகள் இணை பிரிந்தன. பாலம் பாதி வழியில் இறுகி நின்றது. நூலில் எழுதியவர் கித்துல்கலையின் மழையைக் கண்டவரல்லர் என்று மாணவர் சிரித்தனர். பின்னர் இரும்புப் பெட்டிக்குழாயால் சட்டகம் செய்தோம். நான்கு மூலைகளும் செங்கோணமா என்று அறிய மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தனர். அவை சமமாகும் வரை தட்டித் திருத்தினர். பைதகரசின் தேற்றத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த பிள்ளைகள், அன்று அதனைச் சுத்தியலோடு கற்றனர்.

பாலத்திற்கு முதலில் மெல்லிய உருக்குத் தண்டுகளைப் போட்டோம். நடுவே கத்தியின் பாரம் தாங்காது அவை வளைந்தன. தாங்கலின்றி நிற்கும் தண்டின் நீளம் இருமடங்கானால், அதே நடுப்பாரத்திற்கு வளைவு எட்டு மடங்காகும் என்பது பௌதிக விதி. நீளத்தைக் குறைத்தோம்; தண்டைத் தடிப்பாக்கினோம்.

அடுத்தது கணக்கு. ஸ்டெப்பர் மோட்டர் 200 படிகளில் ஒரு சுற்று சுற்றும். ஒவ்வொரு படியையும் மின்பலகை எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள். மோட்டரோடு இணைந்த புரியாணித் தண்டு ஒரு சுற்றில் எவ்வளவு நகர்த்தும் என்பது தெரிந்தால், ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை துடிப்பு என்பதைக் கண்டுவிடலாம். மாணவர் இரு புரிகளின் இடைவெளியை அளந்தனர், 2 மில்லிமீற்றர். 1,600ஐ இரண்டால் வகுத்து 800 என்று எழுதினர். யந்திரத்தை 10 மில்லிமீற்றர் நகரச் சொன்னால், அது 40 மில்லிமீற்றர் ஓடியது. எல்லோரும் திகைத்து நின்றபோது, மாணவன் ஒருவன் தண்டின் முனையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, அதிலே ஒரு புரி அன்று, நான்கு புரிகள் ஒன்றையொன்று பின்னிச் செல்கின்றன என்றான். ஆதலின் ஒரு சுற்றுக்கு நகர்வு 8 மில்லிமீற்றர், துடிப்பு 200. அவன் திருத்தி எழுதினான். யந்திரம் சொன்ன சொல்லைக் கேட்டது.

முதலிற் செதுக்க எடுத்துக்கொண்டவை தமிழ் எழுத்துகள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் எடுத்து, விரலால் தடவிப் பழக மர எழுத்துகள் வேண்டும் என்பது நாம் முன்னரே செய்துகொண்ட முடிவு. 'ட' நன்கு வந்தது, 'ப' வந்தது. 'அ' வரவில்லை. வளைவு திரும்பும் இடமெல்லாம் தட்டையாகி, சிறு படியும் விழுந்தது. நேர்கோட்டில் ஒளிந்திருந்த குற்றம் வட்டத்தில் வெளிப்பட்டது.

மாணவன் ஒருவனின் பாட்டனார், தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் வந்து, பாலத்தை இரு கையாலும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். "ஆட்டம் இருக்குங்க சேர். திரும்புறப்ப நட்டு சும்மா கொஞ்சம் சுத்துது, அப்புறந்தான் இழுக்குது. இதப் பிடிக்காம எழுத்து வராது" என்றார். ரோல் மேசையிலும் இதே ஆட்டத்தைத் தகடு வைத்துப் பிடிப்போம் என்று சொல்லி, இரு நட்டுகளை இடையில் வில்லிட்டு ஒன்றையொன்று தள்ளும்படி பொருத்தச் செய்தார். மறுநாள் 'அ' வட்டமாக வந்தது.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றோம். லூல்கந்துரையின் விறாந்தையிலிருந்து இன்றுவரை, மலைநாட்டின் யந்திரங்களைத் தம் கைகளால் அறிந்தவர்கள் தோட்டத்து உழைப்பாளிகளே. அவ்வறிவுக்குச் சான்றிதழ் இல்லை; ஆதலால் அதற்கு அறிவு என்ற பெயரும் இல்லை. பாட்டனின் கையறிவும் பேரனின் கணக்கறிவும் ஒரு மேசையிற் சந்தித்தபோதுதான் எங்கள் யந்திரம் இயங்கியது. நோபிள் எழுதிய அந்தப் பிரிவினை, அதாவது கணிப்பவன் ஒருவன் செய்பவன் வேறொருவன் என்ற பிரிவினை, இயற்கை விதி அன்று என்பதற்கு நாம் கண்ட சான்று இது.

ஆனால் வீட்டிலே செய்த யந்திரம் விடுதலையைத் தானாகத் தந்துவிடும் என்று நம்புவது பேதைமை. எங்கள் மோட்டர்களைச் செய்தவர்கள் கடல் கடந்த நாட்டின் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெயரறியாத மக்கள். மின்பலகையின் நுண்செயலியை எம்மால் ஆக்க முடியாது. எண்மராகத் தொடங்கிய எங்கள் மாணவரில் இருவர் ஆண்டு முடியுமுன் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவன், தண்டின் நான்கு புரிகளையும் கண்டவன். வீட்டில் கடன், தாயின் நாட்கூலி போதவில்லை. பொருளியல் என்ற பெரிய யந்திரத்தின் ஆட்டத்தை இரு நட்டுகளும் ஒரு வில்லும் பிடித்துவிட மாட்டா. அதற்கு வேண்டிய கருவி வேறு. சங்கமும் போராட்டமும் நீதியான கூலியும் அதன் உறுப்புகள். பட்டறை அவற்றுக்கு மாற்றாகாது.

ஆயின் பட்டறையால் ஆவது யாது? ஆசிரியராகிய நாம் இதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும். செய்யப்பட்டது எதுவும் யாரோ ஒருவரால், ஏதோ ஒரு நோக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்பதை மாணவன் அங்கே காண்கின்றான். தன் கையால் ஒன்றைச் செய்து, குற்றங்கண்டு, திருத்தியவன், உலகம் இப்படியே வந்தது, இப்படியே இருக்கும் என்று எளிதில் நம்பமாட்டான். உருட்டு யந்திரத்தையும் பாலத்தையும் மின்கம்பியையும் கூலிச்சீட்டையும் அவன் இனி வேறு கண்ணோடு பார்ப்பான். யாருக்காக, என்ன பயனுக்காக என்று கேட்பான். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை மலையகத்தில் எழுவது சிறிய காரியமன்று.

மெய்யெழுத்தும் உயிரெழுத்தும் ஆய்தமுமாக 31 மர எழுத்துகள் இன்று முதலாம் வகுப்பில் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைத் தடவிப் படிக்கின்றனர். சில வேளை வாயிலும் வைக்கின்றனர். யந்திரத்தின் அடித்தட்டில் அதனைச் செய்த எண்மரின் பெயர்களையும் அந்த முதிய பிட்டரின் பெயரையும் யந்திரத்தைக் கொண்டே செதுக்கி வைத்தோம். கொழும்புக்குச் சென்றவனின் பெயரும் அங்கே உண்டு. அவன் எழுதிய எண்ணும் மின்பலகையில் அப்படியே இருக்கின்றது: ஒரு மில்லிமீற்றருக்கு 200 துடிப்பு. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது முதலாம் வகுப்பின் சன்னலருகே நின்று அவன் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு சிறுமி 'அ'வின் வளைவைச் சுட்டுவிரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் எங்கும் தடக்கவில்லை.